துவரும் துவரையும்

கீழக்காட்டூர், குன்னம் வழி
20-2-1983

அன்புள்ள மச்சானுக்கு, ராசாங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

நேற்று சாயங்காலம் எங்கள் வீட்டில் முக்கியமான முடிவு ஒன்று எடுக்கப்பட்டது. நெடுநேர ஆலோசனைக்குப் பிறகு, எதிர்ப்பு ஏதுமின்றி, செவலைப் பசுவின் கட்டுத்தறியைக் கிழக்கு மூலையிலிருந்து மேற்கு மூலைக்கு மாற்றுவது என்று தீர்மானமாயிற்று. பழைய முளையைப் பிடுங்கவும் புதிய முளையை அடிக்கவும் நல்ல நேரம் பார்க்கப்பட்டது. முளை அடித்தவன் நான். கூட இருந்தவர்கள் அம்மா, செங்கமலம், பக்கத்து வீட்டு இருசம்மாள், செவலை. செவலை மட்டும் கருத்து எதுவும் தெரிவிக்கவில்லை.

விஷயம் இதுதான். ஆவணியில் கல்யாணச் சீராக நீங்கள் ஓட்டிவந்து விட்ட இந்தப் பசு, தை மாதம் கன்று ஈன்ற புதிதில் வேளைக்கு இரண்டு செம்பு கறந்தது. இப்போது ஒரு செம்பு நிரம்புவதில்லை. மயிர் சிலிர்த்து முள்ளாக நிற்கிறது. சாணி உருண்டை உருண்டையாக, எறிந்தால் நாய் ஓடுகிற பதத்தில் விழுகிறது. அசைபோடுவதைக் குறைத்துக்கொண்டு, ஏதோ பெரிய யோசனையில் இருப்பவள் போல வானத்தைப் பார்த்து நிற்கிறாள். அரியலூர்ச் சந்தைக்குப் போயிருந்த அம்மாவிடம், கிழக்கு மூலை கறவைக்கு ஆகாது என்று யாரோ சொன்னார்களாம். அதன் மேல்தான் நேற்றைய முடிவு.

என் பங்குக்கு நூலகத்தில் தேடினேன். நான் வேலை பார்க்கும் கிளை நூலகத்தில் கால்நடை வளர்ப்பு பற்றி இருப்பது ஒரே புத்தகம். அதில் பசுவைப் பற்றிய பக்கங்களை யாரோ கிழித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆட்டிலிருந்து இருக்கிறது.

இங்கே மழை இல்லை. சோளம் முழங்கால் உயரத்தில் நின்று யோசித்துவிட்டுக் காய்ந்துபோயிற்று. லீலாவதி அக்காவுக்கு இருமல் நின்றதா? பிள்ளைகள் சுகமா? அம்மா நலம். நான் நலம். செங்கமலமும் நலம். தனியாக எழுதுவதாகச் சொன்னாள்.

இப்படிக்கு,
ராசாங்கம்


செம்பட்டு, திருச்சி
27-2-1983

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, செல்லப்பன் எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். இருமல் நின்றுவிட்டது. அத்தைக்கும் உங்களுக்கும் தங்கச்சிக்கும் உடம்பு நன்றாக இருக்க வேண்டும்.

கட்டுத்தறியைத் தின்று மாடு பால் கறக்காது. என்ன தீனி போடுகிறீர்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தால் உபயோகமாக இருந்திருக்கும். மூலை, நேரம், சந்தையில் சொன்னது எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். தீனியைக் காணோம்.

அது ஜெயங்கொண்டத்தில் எங்கள் முந்திரிக் கொல்லையில் பிறந்து வளர்ந்த மாடு. அதன் தாய் கடைசி ஈற்று வரைக்கும் குறையாமல் கறந்தது. நல்ல மாடாகப் பார்த்துத்தான் தங்கச்சியோடு அனுப்பினேன்.

இங்கே தோல் பதனிடும் ஷாப்பில் வேலை அதிகம். நாலு பக்கமும் மழை இல்லாததால் ஆட்டுத் தோல் வந்து குவிகிறது. பஞ்ச காலத்தில் எங்கள் தொழில் செழிக்கும். சொல்லக் கூடாதுதான், ஆனால் அப்படித்தான்.

தங்கச்சி எழுதுவதாகச் சொன்ன கடிதம் வரவில்லை. தபாலில் தவறியிருக்கும்.

அத்தைக்கு என் வணக்கம் சொல்லவும்.

செல்லப்பன்


கீழக்காட்டூர்
5-3-1983

அன்புள்ள மச்சானுக்கு வணக்கம். அக்கா குணமானது அறிந்து எல்லோருக்கும் சந்தோஷம்.

உங்கள் கடிதத்தை வழக்கம்போல் அம்மாவையும் செங்கமலத்தையும் உட்காரவைத்து உரக்க வாசித்தேன். செங்கமலத்துக்கு வாசிக்கத் தெரியும். ஆனாலும் வீட்டுக்கு வரும் தபாலை வாசிப்பது இந்த வீட்டில் ஆண்பிள்ளை வேலை. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. காது நன்றாகக் கேட்கும். கட்டுத்தறியைத் தின்று என்கிற இடத்தில் என் தொண்டை கட்டிக்கொண்டது. இருமிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன்.

தீனி கேட்டிருந்தீர்கள். காய்ந்த சோளத்தட்டை இருக்கிற வரைக்கும் காலையில் ஒரு கட்டு. கடலைக்கொடி தீர்ந்துவிட்டது. மத்தியானம் பருப்பு உடைத்ததில் மிஞ்சுகிற துவரம் பொட்டு ஒரு படி, கழுநீரில் கலந்து. அது கடையில் காசு கொடுத்து வாங்குவது. சாயங்காலம் புளியங்கொட்டை. அதற்கு மட்டும் இங்கே பஞ்சமே இல்லை. அம்மா புளி தட்டப் போகிற வீடுகளில் கொட்டையை அவளிடம்தான் தள்ளிவிடுகிறார்கள். ஊறவைத்து, தோலோடு ஆட்டுக்கல்லில் ஆட்டி, ஒரு சட்டி நிறைய வைக்கிறோம். சிவப்பாகப் பார்வைக்கு அழகாக இருக்கும். செவலை முகர்ந்து பார்த்துவிட்டு, பசியினால் தின்கிறாள்.

இது இப்படியிருக்க, நம் மாடு முதலிலேயே வயிற்றுக் கோளாறு உள்ள மாடு என்றும், சந்தையில் கழித்ததைச் சீர் என்று சொல்லி ஓட்டி விட்டுவிட்டார்கள் என்றும் இங்கே ஒரு கருத்து நிலவுகிறது. சித்திரை ஒன்றாம் தேதிக்குள் தேறாவிட்டால் வந்த வழியே திருப்பி ஓட்டிவிடுவது என்றும் அந்தக் கருத்துக்கு ஒரு கிளை உண்டு. அதைக் கேட்டுச் செங்கமலம், “அப்ப நானும் அது கயித்தப் புடிச்சிக்கிட்டே போயிடறேன்” என்றாள். கோபத்தில் சொன்னதாக எடுத்துக்கொள்ளலாம். நான் இன்னும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

பெரம்பலூர் மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிப் போகிற அளவுக்கு மாட்டுக்குத் தெம்பு இல்லை. தெம்பு இருந்தால் ஓட்டிப் போக வேண்டிய அவசியமும் இல்லை.

அம்மா நலம். செங்கமலம் நலமாக இருப்பதாகச் சொல்லச் சொன்னாள்.

ராசாங்கம்


செம்பட்டு
13-3-1983

மாப்பிள்ளைக்கு, செல்லப்பன் எழுதுவது. அத்தை நலமா, நீங்கள் நலமா, தங்கச்சி நலமா?

உங்கள் கடிதத்தை ஷாப்பில் வைத்துத்தான் படித்தேன். தோலோடு ஆட்டி என்று இருந்ததைப் படித்ததும் எங்கள் கெமிஸ்டு பஞ்சவர்ணம் சாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஷாப்பில் எந்தத் தொட்டிக்கு எவ்வளவு மருந்து, எவ்வளவு பட்டை என்று கணக்குப் பார்ப்பவர் அவர். அவர் படித்துவிட்டு, “இந்த மாடு இன்னும் நிக்குதா?” என்று கேட்டார்.

நாங்கள் இங்கே செய்வது என்ன? பச்சைத் தோலை அப்படியே விட்டால் அழுகிப்போகும். கிருமி தின்னும். அதனால் ஆவாரம்பட்டை, வேலம்பட்டை, கடுக்காய் போட்ட தொட்டியில் ஊறவைக்கிறோம். அவற்றில் இருக்கிற துவர், தோலில் உள்ள மாமிசச் சத்தை இறுகப் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் எந்தக் கிருமியாலும் அதைத் தின்ன முடியாது. வருஷக் கணக்கில் கெடாது.

மாட்டுக்கு முதல் வயிறு ஒரு பெரிய தொட்டி. அதற்குள் கோடிக் கணக்கில் கிருமி இருந்து, மாடு தின்னுகிற தழையையும் தட்டையையும் புளிக்கவைத்து அரைத்துக் கொடுக்கிறது. அந்தக் கிருமி பிழைத்தால்தான் மாடு பிழைக்கும். புளியங்கொட்டையின் சிவப்புத் தோல் முழுக்கத் துவர். அது உள்ளே போய், தீனியில் இருக்கிற சத்தை எங்கள் பட்டை தோலைப் பிடிக்கிற மாதிரியே பிடித்துக்கொள்கிறது. கிருமிக்குப் பட்டினி. மாட்டுக்கும் பட்டினி. வயிறு நிறையத் தின்றுவிட்டுப் பட்டினி. நாங்கள் செத்த மாட்டுக்குச் செய்வதை நீங்கள் உயிரோடு இருக்கிற மாட்டுக்கு உள்ளேயிருந்து செய்துகொண்டிருக்கிறீர்கள். இன்னும் ஆறு மாதம் போனால் நேரே செருப்புத் தைக்கலாம்.

கொட்டையில் குற்றமில்லை. வறுத்து, இடித்து, தோலைப் புடைத்து எடுத்துவிட்டு, பருப்பை மட்டும் ஊறவைத்துப் போட்டால் நல்ல தீனி. தங்கச்சிக்கு இது தெரியும். எங்கள் வீட்டில் அவள் கையால் செய்ததுதான். துவர் உள்ள பொருள் எதையும் மாட்டுக்குப் போடக் கூடாது. இன்றைக்கே நிறுத்தவும். தோலோடு போடச் சொன்ன மடப்பயல் யார்?

நேரில் வந்து காட்டிவிட்டுப் போகலாம். ஆனால் பெண் கொடுத்தவன் கூப்பிடாமல் வந்து நின்றால் வழக்குப் பேச வந்ததாக ஊர் சொல்லும். அதனால் எழுதுகிறேன்.

செல்லப்பன்


கீழக்காட்டூர்
20-3-1983

அன்புள்ள மச்சானுக்கு வணக்கம். எல்லோரும் நலம் என்று எழுதுவது மரபு. எழுதிவிட்டேன்.

உங்கள் விஞ்ஞானக் கடிதம் வந்து சேர்ந்தது. எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இரண்டு தடவை தனியாகப் படித்துவிட்டு, சபையில் வாசித்தேன். ‘மடப்பயல்’ என்பதைப் ‘பெரியவர்கள்’ என்று வாசித்தேன். தொட்டி, தோல், கிருமி பற்றிய பகுதி வாசிக்கும்போது அம்மா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். கடைசியில், துவர் உள்ள பொருள் எதையும் மாட்டுக்குப் போடக் கூடாது என்ற வரி வந்தது.

“என்னாது, துவரையா?” என்றாள் அம்மா.

“துவரை இல்லம்மா. துவரு.”

“அதான் சொல்றேன். துவரம் பொட்டு மாட்டுக்கு ஆவலங்கிறான். நான் அப்பவே சொன்னேன், அது வாயு. காசு குடுத்து வாயுவ வாங்கி ஊத்துறோம்னு. கேட்டீங்களா?”

“அம்மா, துவருன்னா துவர்ப்பு. வாழப்பூ தின்னா நாக்க இழுக்குமே, அது.”

“மாடு என்னைக்குடா வாழப்பூ தின்னுச்சு?”

செங்கமலம் மெதுவாக, “கொட்டத் தோலத்தான் சொல்றாங்க அத்த” என்றாள்.

“ஒங்க அண்ணன் தோலு ஷாப்புல இருக்கான். அவன் எதப் பாத்தாலும் தோலுன்னுதான் எழுதுவான்” என்றாள் அம்மா.

அன்று சாயங்காலத்திலிருந்து துவரம் பொட்டு நின்றுவிட்டது. அந்தக் குறையை ஈடுகட்டப் புளியங்கொட்டை இரண்டு சட்டியாக உயர்த்தப்பட்டிருக்கிறது. உங்கள் யோசனையை இவ்வளவு விரைவாக வேறு எந்த வீட்டிலும் நிறைவேற்றியிருக்க மாட்டார்கள்.

நான் குறுக்கிட்டிருக்கலாம். குறுக்கிட்டால் நீ யார் பக்கம் என்ற கேள்வி வரும். நூலகம் நடுநிலையான இடம். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது.

பால் கன்றுக்கு மட்டும் காணும். கறப்பதை நிறுத்திவிட்டோம். லீலாவதி அக்காவையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்லவும். செங்கமலம் உங்கள் கடிதத்தை வாங்கி, மறுபடி ஒரு தரம் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

ராசாங்கம்


கீழக்காட்டூர்
27-3-1983

அன்புள்ள அண்ணனுக்கு செங்கமலம் எழுதுறது. நீ, அண்ணி, பிள்ளைங்க எல்லாம் சுகமா இருக்கணும். இதுக்குப் பதில் போட வேணாம். போட்டா எல்லாருக்கும் வாசிக்கணும்.

தோலோட போடச் சொன்னது யாருன்னு கேட்டிருந்த. நான்தான் காரணம். செவலை கன்னு போட்ட புதுசுல, எங்கூட்டுல தோல் எடுத்துத்தான் போடுவோம்னு ஒரு நாள் சொல்லிட்டேன். அதுவரைக்கும் இவங்களும் ஏதோ பாதி எடுத்துத்தான் போட்டுக்கிட்டு இருந்தாங்க. எங்கூட்டுலன்னு சொன்னது அத்தைக்குப் புடிக்கல. அன்னையிலேருந்து ஒரு தோல் கீழ விழக் கூடாதுன்னு ஆயிடுச்சு. இப்ப நான் எது சொன்னாலும் அதுக்கு எதிர்தான் நடக்கும். அதனால வாயத் தொறக்கறது இல்ல.

அவங்க ஒனக்கு எழுதறதெல்லாம் சிரிப்பா இருக்கும். நானும் படிச்சேன். இங்க யாரும் சிரிக்கல. அவங்க நல்லவங்க. என்னை ஒரு சொல்லு சொன்னதில்ல. எனக்காகவும் ஒரு சொல்லு சொன்னதில்ல.

செவலை படுத்தா எந்திரிக்க முடியல. சித்திரை ஒண்ணாம் தேதி காலையில ஓட்டி அனுப்பறதுன்னு அத்தை முடிவா சொல்லிட்டாங்க. ஊரு பாக்க மாட்டை ஓட்டிட்டா அப்புறம் நான் இங்க எந்த மொகத்தோட இருக்கறது? அன்னைக்கு நீ வந்து என்னையும் கூட்டிக்கிட்டுப் போயிடு. எனக்குப் போவணும்னு இல்ல. ஆனாலும் வா.

செங்கமலம்


கீழக்காட்டூர்
4-4-1983
(அஞ்சலட்டை)

மச்சானுக்கு, இரண்டு வாரமாகக் கடிதம் இல்லை. அங்கே எல்லோரும் சுகம்தானே?

இன்று காலை செவலையை நான்கு பேர் வயிற்றுக்குக் கீழே சாக்கைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தினோம். நின்றாள்.

செங்கமலம் தன் சேலைகளை எல்லாம் மடித்து ஒரே இடத்தில் வைத்திருக்கிறாள். எப்போதும் மடித்துத்தான் வைப்பாள். இருந்தாலும் எழுதுகிறேன்.

ராசாங்கம்


செம்பட்டு
7-4-1983

மாப்பிள்ளைக்கு,

இந்தத் துண்டுச் சீட்டு உங்களுக்கு. கவரில் இருக்கிற இன்னொரு கடிதம் அத்தைக்கு. அதை ஒரு எழுத்து மாற்றாமல், இருமாமல் வாசிக்கவும். அதில் தோல் விஷயம் மட்டும் உண்மை. மற்றதெல்லாம் நான் ராத்திரி முழுக்க யோசித்து எழுதிய பொய். எனக்குப் பொய் சுலபமாக வராது. கோபம்தான் வரும். போன தடவை கோபத்தில் எழுதி, நடந்ததைப் பார்த்தேன்.

நீங்கள் எழுதுவது எனக்குப் பிடிக்கும். ஷாப்பில் இரண்டு பேருக்குப் படித்துக்கூடக் காட்டியிருக்கிறேன். ஆனால் அது என் தங்கச்சிக்குச் சோறு போடாது, மாட்டுக்கும் போடாது. பதினாலாம் தேதி காலை முதல் பஸ்ஸில் நான் குன்னத்தில் இறங்குவதா வேண்டாமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

செல்லப்பன்

*

மதிப்புக்குரிய அத்தைக்கு, செல்லப்பன் வணங்கி எழுதிக்கொண்டது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? லீலாவதி விசாரிக்கச் சொன்னாள்.

அத்தை, குற்றம் முழுவதும் எங்கள் பேரில். முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டுவிட்டோம். அந்தச் செவலை பவிசு மாடு. கன்றாக இருக்கும்போதே செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோம். உங்கள் பக்கத்து மாடுகள் எதைப் போட்டாலும் தின்று செரித்துவிட்டு நிற்கும். அது வைரம் பாய்ந்த உடம்பு. இதற்கு அந்தக் கொடுப்பினை இல்லை. புளியங்கொட்டையை வறுத்து, இடித்து, தோலை முறத்தில் புடைத்து எடுத்துவிட்டுப் போட்டால்தான் இதன் வயிறு ஏற்றுக்கொள்ளும். ஒரு தோல் உள்ளே போனாலும் படுத்துக்கொள்ளும். மத்தியானம் துவரம் பொட்டும் வேண்டும். அதுவும் கெட்ட பழக்கம்தான்.

இவ்வளவு சிரமம் உங்களுக்கு எதற்கு? திருப்பி ஓட்டுவதாக யோசனை இருந்தால் தாராளமாக ஓட்டிவிடுங்கள். எங்களுக்கு வருத்தமே இல்லை. இங்கே செல்லதுரை என்று ஒரு பால்காரர் இருக்கிறார். மாட்டின் பக்குவத்தைச் சொன்னேன். தோல் எடுத்துப் போட்டுவிட்டுப் போகிறேன், வேளைக்கு இரண்டு செம்பு கறக்கிற மாடு யாருக்குக் கிடைக்கும் என்று கயிற்றோடு தயாராக இருக்கிறார்.

உங்கள் சௌகரியம் எப்படியோ அப்படி.

பணிவுள்ள,
செல்லப்பன்


கீழக்காட்டூர்
10-4-1983

அன்புள்ள மச்சானுக்கு ராசாங்கம் வணக்கம். எல்லோரும் நலம். மரபுக்காக எழுதவில்லை.

கடிதத்தை ஒரு எழுத்து மாற்றாமல் வாசித்தேன். பவிசு மாடு என்ற இடத்தில் அம்மா வெற்றிலையைக் கீழே வைத்தாள். வைரம் பாய்ந்த உடம்பு என்ற இடத்தை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள்.

“இத மொதல்லயே சொல்றதுக்கு என்னாவாம்?” என்றாள் அம்மா. “பவிசு மாடுன்னு சொல்லியிருந்தா நாம பவிசாப் பாத்துருக்க மாட்டமா?”

“சொல்லலதான்.”

“யாருடா அவன், பால்காரன்?”

“செம்பட்டுல. செல்லதுரையாம்.”

“எங்கூட்டு மாட்டுக்கு அவன் என்னா கயிறு எடுத்துக்கிட்டு வர்றது? கன்னு போட்டது எந்தக் கொட்டாயில? தோலு எடுத்துட்டா ரெண்டு செம்பு கறக்குமாம், அத இவன் கறந்துக்குவானாம். நல்லாருக்குடா ஞாயம்!” பிறகு அவளுக்கே ஒரு சந்தேகம் வந்தது. “அப்ப அன்னைக்குத் துவரை ஆவாதுன்னு எழுதுனான், இன்னைக்கு வேணுங்கிறான்?”

மச்சான், அந்த இடத்தில் நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்தபடியே சொல்லியிருக்கலாம். “அவரு எழுதுனது சரிம்மா. நான்தான் அன்னைக்கு சரியா வாசிக்கல. துவரை இல்ல, துவரு. தோலுதான் துவரு. செங்கமலம் அன்னைக்கு சொன்னதுதான் சரி” என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். செங்கமலம் தரையைப் பார்த்தாள்.

“அந்த நூலவத்துல ஒக்காந்துக்கிட்டு என்னாத்தடா படிக்கிற நீ?” என்றாள் அம்மா. “ஒரு துவரைக்கும் துவருக்கும் வித்தியாசம் தெரியல. வாயில்லா சீவன் நாலு பேரு தூக்கி நிக்குது. இவன வாசிக்கச் சொன்னா இப்புடித்தான்.”

“ஆமாங்க அத்த” என்றாள் செங்கமலம். கல்யாணமான நாளாக இவர்கள் இருவரும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனது இதுதான் முதல் தடவை. விஷயம் நான் என்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

அப்போதே அடுப்பு மூட்டி வாணலி ஏற்றியாயிற்று. அம்மா வறுத்தாள். நான் உலக்கையை எடுத்தேன். ஊரில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். இருசம்மாள் என்னைப் பார்த்து, “என்னாப்பா, பொஸ்தவம் இடிக்கிறியா?” என்றாள். கொஞ்ச நேரம் இடித்ததும் செங்கமலம் வந்து, “நவுருங்க, கொட்ட செதறுது” என்று உலக்கையை வாங்கிக்கொண்டாள். உங்கள் துண்டுச் சீட்டை அவளிடம் கொடுத்தேன். இடிப்பதை நிறுத்திவிட்டுப் படித்தாள். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, “அண்ணன பதினாலாம் தேதி வர வேணாம்னு எழுதிடுங்க” என்றாள்.

ஆகவே எழுதுகிறேன். வர வேண்டாம். பால்காரருக்கு எங்கள் வருத்தத்தைத் தெரிவிக்கவும்.

ராசாங்கம்


செம்பட்டு
8-5-1983

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, செல்லப்பன் எழுதுவது. இங்கே வெயில் தாங்கவில்லை, மற்றபடி சுகம். உங்கள் கடிதம் வந்த அன்றைக்கு லீலாவதி பாயசம் வைத்தாள். என்ன விசேஷம் என்று பிள்ளைகள் கேட்டதற்கு, மாடு திரும்பி வரவில்லை என்று சொன்னேன். அவர்களுக்குப் புரியவில்லை.

செல்லதுரை என்று யாரும் இங்கே இல்லை. ஆகையால் வருத்தம் தெரிவிக்க முடியவில்லை.

அவசரப்பட்டு நிறைய தீனி போட வேண்டாம். பட்டினி கிடந்த வயிறு. அந்தக் கிருமி மறுபடி பெருகக் கொஞ்ச நாள் ஆகும். சாணி இளகினால் சரியாகிறது என்று அர்த்தம்.

இன்னொன்றும் எழுத வேண்டும். எழுத மனமில்லை, ஆனால் உண்மை. பஞ்சவர்ணம் சார் போன வாரம் தானாகவே கூப்பிட்டுச் சொன்னார். துவர் கொஞ்சமாகப் போனால் நல்லதாம். அளவாக இருந்தால், தீனியில் உள்ள நல்ல சத்தை முதல் வயிற்றிலேயே கிருமி தின்று தீர்த்துவிடாமல் பிடித்து வைத்துக்கொண்டு, கடைசி வயிற்றில் கொண்டுபோய் விட்டுவிடுமாம். அங்கே புளிப்பு அதிகம்; பிடி தளர்ந்துவிடும். அந்தச் சத்து நேராகப் பாலுக்குப் போகும். குடல் புழுவும் குறையுமாம். ஆடு வேலந்தழை தின்றுவிட்டுத் துள்ளிக்கொண்டு திரிவதற்கு அதுவும் ஒரு காரணமாம். சட்டி நிறையப் போட்டால் விஷம், சிட்டிகை போட்டால் மருந்து. ஆகவே அத்தை செய்தது முழுக்கத் தப்பு என்று சொல்ல முடியாது. அளவுதான் தப்பு.

இதை வாசிப்பதா வேண்டாமா என்பது உங்கள் பொறுப்பு. நான் எழுதிவிட்டேன்.

செல்லப்பன்


கீழக்காட்டூர்
19-6-1983

அன்புள்ள மச்சானுக்கு ராசாங்கம் வணக்கம். தாமதத்துக்கு மன்னிக்கவும். போன வாரம் ஒரு மழை பெய்தது. விதைக்க எல்லோரும் காட்டுக்குப் போய்விட்டோம்.

வாசிப்பதா வேண்டாமா என்று யோசிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. உங்கள் கடிதம் வந்தபோது நான் நூலகத்தில் இருந்தேன். செங்கமலம் பிரித்து, அம்மாவை உட்காரவைத்து, ஒரு வரி விடாமல் உரக்க வாசித்துவிட்டாள். செல்லதுரை இல்லை என்ற வரியையும் சேர்த்து. நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். பால்காரனைப் பற்றிக் கேட்கப் போகிறாள் என்று நினைத்து எதற்கும் தயாரானேன்.

“கேட்டியாடா? தோலு மருந்தாம். கெமிஸ்டே சொல்லிட்டாராம். நான் என்னா ஒண்ணும் தெரியாமலா போட்டேன்?”

“அளவுதான் தப்புன்னு எழுதியிருக்காரு அத்த” என்றாள் செங்கமலம் உள்ளேயிருந்து.

“ஆமா, அளவு. ஒரு புடி போடலாமா?”

“சிட்டிகைன்னு இருக்கு.”

“யாரு சிட்டிகை? ஒஞ் சிட்டிகையா, எஞ் சிட்டிகையா?”

“ஒங்க சிட்டிகையே போடுங்க. ஆனா ஒண்ணுதான்.”

அம்மா ஒரு சிட்டிகை போட்டாள். பெரிய சிட்டிகைதான். செவலை அதைத் தின்றுவிட்டு அசைபோட்டாள். பால்காரனைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து இருசம்மாளிடம் அம்மா, “எம் மருமவ அண்ணன் பொய்யெல்லாம் எழுதத் தெரிஞ்ச ஆளு, லேசுப்பட்டவன் இல்ல” என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. மரியாதையாகத்தான் சொன்னாள்.

செவலை இப்போது தானாக எழுகிறாள். மயிர் படிந்துவிட்டது. சாணி பொதுபொதுவென்று விழுகிறது; நாய் பயப்படுவதில்லை. கன்றுக்கு விட்டது போக வேளைக்கு ஒன்றரைச் செம்பு கறக்கிறோம். கட்டுத்தறி மேற்கு மூலையிலேயே இருக்கிறது. அதனால்தான் தேறியது என்று ஒரு கருத்து நிலவுகிறது. நான் மறுக்கவில்லை.

வீட்டுத் தபாலை இப்போது செங்கமலம்தான் வாசிக்கிறாள். இருசம்மாள் வீட்டுத் தபாலும் இவளிடம்தான் வருகிறது. இந்தக் கடிதத்தையும் ஒட்டுவதற்கு முன்னால் வாங்கிப் படித்தாள். சிரித்தாள். எந்த இடத்தில் என்று சொல்லவில்லை. அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

ஊரில் பல வீட்டிலும் இப்போது வறுத்து இடித்துத்தான் போடுகிறார்கள். தோல் மிச்சமாகிறது. அதை எருக்குழியில் கொட்ட அம்மாவுக்கு மனம் வரவில்லை. உங்கள் ஷாப்பில் துவருக்குத்தானே பட்டை வாங்குகிறார்கள் என்று கேட்டாள்; ஆமாம் என்றேன். குன்னத்திலிருந்து வெங்காய லாரி ஒன்று திருச்சிக்கு வருகிறது. திங்கட்கிழமை காலையில் மூன்று மூட்டை புளியங்கொட்டைத் தோல் உங்கள் ஷாப்பு வாசலில் இறங்கும்.

ராசாங்கம்